பேஸ் பத்திரமாக இருக்கிறது

என் நெஞ்சை விட்டுப் போகாத ராயப்பாவுக்கு,

உன் பேஸ் கிட்டாரைப் பார்க்கப் போன சனிக்கிழமை ஒருவர் வந்திருந்தார். அவர் வந்து போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போய் நான்கு வருஷமாகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இன்று எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன? பயம் இல்லாமல் நான் எந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன்?

உனக்குத் தெரியாததா? அட்டைக்குப் பயந்து மழை நாளில் தேயிலை மலைக்குள் கால் வைக்காதவன் நான். கல்யாண வீடுகளில் நீங்கள் எல்லோரும் மேடையில் நிற்க, கரண்ட் அடித்துவிடும் என்று படிக்கட்டில் நின்றே கிட்டார் வாசித்தவன். "அருளப்பா, நீ பேண்ட்ல வாசிக்க வந்தியா, இல்ல பந்திக்கு வந்தியா?" என்று மைக்கிலேயே கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தாய். வயரிங் செய்தவன் நீதான். உன்மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது, கரண்டின்மேல்தான் இல்லை.

முதலில் இங்கத்தைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நீ கண்ணை மூடும்போது சண்டை ஓய்ந்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இடம் வரை தூங்கிக்கொண்டே போகலாம் என்று சந்தோஷப்பட்டாய். இப்போது எல்லாம் பழையபடி. பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியா போகிற வழியில் மறுபடியும் சோதனைச் சாவடி போட்டுவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்க விடுகிறார்கள். நம் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த இரண்டு பேரைக் கொழும்பில் வேலை செய்த கடையிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பிவிட்டான். மற்றவனுடைய அம்மா மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்து போகிறாள். எழுதிக் கொடுக்கிறேன். எழுதியவர் யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் உன் கிட்டாருக்கு ஆள் வந்தார். நுவரெலியாவில் பல் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பழைய கிட்டார் எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் தேடிப் போய்ப் பார்க்கிற பைத்தியம். நம் செலின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் அவர் அறைச் சுவரில் ஒரு கிட்டார் படத்தைப் பார்த்திருக்கிறாள். இதை வாசிக்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன், செலின் என் தங்கை, ராயப்பனின் மனைவி. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வாய் பாதி மரத்துப்போயிருந்தும் அவள் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க டொக்டர். நாலு கம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த வாரமே மனிதர் வந்து நின்றார். வெறுங்கையோடு பஸ்ஸில் வந்திருந்தார். பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று அட்டையில் இருப்பதைப் பார்த்துச் சாவடியில் ஒரு மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தார்களாம். அதை அவர் மழைக்கு ஒதுங்கி நின்றதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வியர்த்தது.

செலின் அலுமாரிக்கு மேலிருந்து உன் கிட்டாரை இறக்கினாள். நீ சுற்றி வைத்த அதே கம்பளி. டொக்டர் அதைப் பிரித்தார், தூக்கி எடை பார்த்தார். பிறகு உடம்புப் பக்கத்தைத் தோளோடு அணைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நேராக இருக்கிறதா என்று வாசலைப் பார்த்துக் குறி பிடித்தார். கழுத்து வளைவைப் பார்க்க அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், நீயே எத்தனை தடவை செய்திருக்கிறாய். ஆனாலும் ரோட்டில் போகிற யாராவது கண்டால்? எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். "குளுருது" என்றேன்.

"கழுத்து கொஞ்சம் முறுகியிருக்கு" என்றார். "உங்கட பனிதான். இன்னும் ரெண்டு மழைக்காலம் இஞ்ச கிடந்தா பிறகு ஒருத்தரும் வாசிக்க ஏலாது."

"எந்த ஊரு சாமான்னு தெரியுதுங்களா?" என்று கேட்டாள் செலின்.

"செக்கோஸ்லோவாக்கியா. இப்ப அந்தப் பேரில நாடே இல்லை. இலங்கையில நான் இதைப்போல இன்னும் ஒண்டுதான் கண்டிருக்கிறன். இது ஆரிட்ட இருந்து வந்தது?"

"தொழிற்சாலையில எஞ்சினியரா இருந்த பறங்கித் தொரை, ஆஸ்திரேலியா போறப்ப இவருக்குக் குடுத்துட்டுப் போனாரு. மோட்டர் எல்லாம் நல்லா பாத்துக்கிட்டாருன்னு."

"நல்ல மனுசன்."

"அப்ப இது பெறுமதியான சாமானுங்களா?"

அவர் சிரித்தார். "அரிதான சாமான் எல்லாம் ஆக்கள் தேடுற சாமான் இல்லை, தங்கச்சி. ஒருத்தரும் வாங்காததாலயும் ஒரு சாமான் அரிதாப் போகும்."

"அப்பறம் நீங்க மட்டும் எதுக்கு பஸ் ஏறி வந்தீங்க?" என்று கேட்டாளே பார், உன் பெண்டாட்டி. டொக்டருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அவர் முன்பக்கத்து மூடியைக் கழற்றி, காந்தத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளைப் பார்த்தார். அது கம்பெனியில் சுற்றியதல்ல என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். யார் சுற்றியது என்று கேட்டதும் செலினுக்கு முகம் மலர்ந்துபோனது. "அவருதாங்க. கையாலயே. அண்ணன் பக்கத்துல ஒக்காந்து எண்ணுனாங்க" என்றாள். ஆமாம், நீ சுற்றினாய், நான் எண்ணினேன். மூவாயிரம் தாண்டியதும் ஒரு தும்மலில் எண்ணிக்கை தவறிவிட்டது. நான் பயந்து பயந்து சொன்னபோது, "சத்தம் வந்தா சரி மாஸ்டர், பரீட்சையா வைக்கிறாங்க" என்றாய். பழைய கிட்டார் சேர்க்கிறவர்கள் இப்படிக் கைவைத்ததை விரும்பமாட்டார்களாம், முதலில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால்தான் மதிப்பாம். ஆனால் தனக்கு இது பிடித்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்தக் கணம் எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதோடு அவர் கிளம்பியிருக்கக் கூடாதா?

அவர் அதைக் குப்புறத் திருப்பினார்.

பின்பக்கத்து வார்னிஷில் ஆணியால் கீறிய எழுத்தும் நம்பரும் உனக்கு ஞாபகம் இருக்கும். "அது அவரே கீறுனதுங்க, களவு போனா கண்டுபுடிக்க" என்றாள் செலின். நீ அவளுக்குச் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். டொக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இல்லைத் தங்கச்சி. இது பொலிஸில வழக்குச் சாமானுக்குப் போடுற நம்பர் அல்லோ. என்ர மோட்டச்சைக்கிளிலயும் உப்பிடி ஒண்டு கிடக்கு."

செலின் என்னைப் பார்த்தாள். நான் அடுப்படியில் கொதிக்கிற கேத்தலைப் பார்த்தேன்.

அவர் பாவம், ஒன்றையும் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "உதை உரஞ்சி அழிச்சுப்போட வேண்டாம். கதை இல்லாட்டி இது வெறும் பழைய பேஸ். கதை தெரிஞ்சா சேர்த்து வைக்கப் பெறுமதியான சாமான். ஆர் குடுத்தது, ஆர் வாசிச்சது, ஏன் பொலிசுக்குப் போனது எண்டு எல்லாத்தையும் ஒரு கடுதாசியில எழுதி, மாஸ்டர், உங்கட கையெழுத்தை வைச்சுத் தாங்கோ. நான் எடுக்கிறன்." பிறகு போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார். "நுவரெலியாவுக்கு நீங்கள்தான் கொண்டு வரவேணும். என்ர அடையாள அட்டையோட நான் உப்பிடி நீளச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனா, பிறகு என்னைத்தான் ஆரும் தேடிச் சேர்க்க வேணும்."

எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார், ராயப்பா. என்னிடம் போய்ச் சொன்னார்.

முன்பு உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நான் மறந்தேன் என்றா நினைக்கிறாய்? ஒரு எழுத்துப் பிசகாமல் இன்றும் சொல்வேன். நீ அப்போது கொழும்பில் மோட்டர் சுற்றுகிற கடையில் ஆறு மாத வேலைக்குப் போயிருந்தாய். நம் பேண்டில் டிரம்ஸ் வாசித்த சுனிலின் தங்கைக்குக் கினிகத்தேனையில் கல்யாணம். உன் கிட்டாரை ஹட்டன் பேண்ட்காரர்கள் இரவல் கேட்டுக்கொண்டே இருந்ததால் மாதா கோவிலில் ஒளித்து வைத்திருந்தேன். இதையெல்லாம் சொல்ல ஒரு தபாலட்டை போதும், நான் கடிதமே எழுதினேன்.

"ராயப்பா, பேஸ் பத்திரமாக இருக்கிறது. கோவில் பின்னறையில் வைத்திருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கினிகத்தேனையில் அடிக்கிறோம். நீ வராவிட்டால் ஒன்றும் நடக்காது. நான்கு கம்பியும் மறக்காமல் கொண்டு வா. இப்படிக்கு, மச்சான்."

நமக்கு அது பேஸ். கல்யாண வீட்டில் வாசிப்பதை நாம் அடிக்கிறது என்றுதான் சொல்வோம். அந்த வருஷங்களில் வடக்கில் பேஸ் என்றால் இயக்கத்து முகாம், அடிக்கிறது என்றால் தாக்குதல், கம்பி என்றால் குண்டுக்கு. நீ கல்யாணத்துக்கு வரும் வழியில் சாவடியில் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தவனுக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால் கசக்கி எறிந்திருப்பான். அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது, அதுவும் வடக்கில் நின்று பழகிய தமிழ். பேஸ் பத்திரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறோம், கம்பி கொண்டு வா. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பயந்திருப்பேன். எனக்குச் சொல்லவா வேண்டும்.

பேஸ் என்றால் கிட்டார் என்று நீ சொன்னாய். ஜீப்பில் கோவிலுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தார்கள், நம்பர் கீறினார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அப்படியும் விடவில்லை. சும்மா கிட்டாரைப் பற்றி எழுதியவன் பெயரை ஏன் மறைக்கிறான், யார் இந்த மச்சான் என்று கேட்டார்கள். வெளியே வந்த பிறகு கோவில் சுவரோரம் உட்கார்ந்து நீ என்னிடம் ஒரே ஒரு தடவை அதைச் சொன்னாய். "நான் சொன்னேன்டா, சேர், ஒங்களுக்கும் மச்சான் இருக்காங்கல்ல, எங்களுக்கும் இருக்காங்க. இந்த நாட்ல ரோட்ல போறவன் எல்லாம் மச்சான்தான்னு. ஒருத்தன் சிரிச்சிட்டான். மத்தவன் சிரிக்கல." மத்தவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. உன் இடது கைச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. வாசிக்கும்போது அந்த இரண்டு விரலும் இல்லாமலே சமாளித்தாய்.

ஒன்றரை மாதம் உள்ளே இருந்தாய். நான் போய், "சேர், இது என் கையெழுத்து, இது கல்யாண பேண்ட்" என்று சொல்லியிருந்தால் அத்தனை நாள் இருந்திருப்பாயா? என்னையும் சேர்த்து உள்ளே போட்டிருப்பார்களா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததையே சாக்காக வைத்து இருந்துவிட்டேன். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் நியமனம் நிரந்தரமாகிற நேரம். மூன்று நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை போனேன். மூன்று நாளும் பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது, நான் திரும்பி வந்து கரும்பலகையில் கணக்கு எழுதினேன். பாதையில் ஏதாவது வண்டி நின்றால் பிள்ளைகளிடம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றுகொள்வேன்.

ஃபாதர் கேட்டார், "அருளப்பா, அத எழுதுனது யாருன்னு தெரியுமா?" தெரியாது என்றேன். உனக்குப் பேசி வைத்திருந்த செலின் கேட்டாள், "அண்ணே, அவர எதுக்குப் புடிச்சாங்களாம்?" தெரியவில்லை என்றேன். சுனில் கினிகத்தேனையிலிருந்து என்னைத் தேடி வந்து, அந்த மச்சான் யாரென்று சிங்களத்தில் கேட்டான். அவனிடமும் தெரியாது என்றேன். வேதத்தில் சேவல் கூவுமுன் இயேசுவை மூன்று தடவை மறுதலித்தவர் ராயப்பர். நம் கதையில் அந்தப் பெயரை வைத்திருந்தவன் வாயைத் திறக்கவில்லை, மறுதலித்தது நான். சேவல் கூவவில்லை. வழக்கம்போலத் தொழிற்சாலைச் சங்குதான் ஊதியது.

கடைசியில் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சுனில்தான் போனான். அவனுக்குப் பயம் இல்லையா? அவனையும்தான் நாள் முழுக்க உட்கார வைத்து விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஊரும் பத்திரிகையில் அச்சடித்தபடியே இருந்தன. அதன்பிறகுதான் உன்னை விட்டார்கள், கிட்டாரையும் பிறகு தந்தார்கள்.

நீ என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். நீயோ செலினிடம், அடையாள அட்டையை மறந்துபோனதால் பிடித்தார்கள் என்று சொல்லிவிட்டாய். ஃபாதரும் சுனிலும் உனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்டபோது, "அவளுக்கு இருக்கிறது ஒரே அண்ணன். ஒன்னோட பேசாம போயிட்டான்னா கல்யாணத்தன்னைக்கு அவ கையப் புடிச்சு யாரு கோவிலுக்குக் கூட்டிட்டு வாரது?" என்றாய். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தேன், எல்லோரும் பார்த்தார்கள்.

அதன்பிறகு ஆறு வருஷம் உன் வீட்டு வாசலில் தினமும் அதே பாட்டு. "ஐடென்டிட்டி காட்ட எடுத்தீங்களா? ஒரு தடவ மறந்து என்ன பாடு படுத்துனீங்க, எடுத்தீங்களா?" நீ பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் கேட்பாள். நீ சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவாய். சாமானை மறந்தாலும் ஏச்சு, தேதியை மறந்தாலும் ஏச்சு, எல்லாம் அந்த அட்டையில்தான் வந்து முடியும். பழைய கிட்டார்க் கம்பிகளின் சத்தத்தைத் திரும்ப வரவைக்க நீ அவற்றை அவள் சோற்றுப் பானையில் போட்டு அவித்த அன்றைக்கும் அதைத்தான் சொல்லி ஏசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். நீ என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாய். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொள்வேன்.

தொழிற்சாலையில் மோட்டருக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன் அடையாள அட்டையை மரணப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்றதால், செலின் டவுனுக்கு ஆள் அனுப்பிப் போட்டோ காப்பி எடுத்து வரச் சொன்னாள். பெட்டியை மூடுவதற்கு முன் அதை மடித்து உன் கோட்டுப் பையில் வைத்தாள். "அங்கயும் மறந்துட்டுப் போயிறாதீங்க" என்று சொன்னாள். கூடியிருந்தவர்கள் அழுதார்கள். நான் வெளியே போய்விட்டேன், உன்னைத் தூக்கும் வரை உள்ளே வரவில்லை. அதற்கும் என்னைப் பாசக்காரன் என்று சொன்னார்கள்.

டொக்டர் வந்துபோன மறுநாள், பூசை முடிந்து செலின் நேரே என் வீட்டுக்கு வந்தாள். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"அண்ணே, அந்த நம்பர் என்னா?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. கடிதத்தைச் சொன்னேன், மச்சானைச் சொன்னேன், மூன்று நாள் பஸ்ஸைச் சொன்னேன்.

"அப்ப அந்த ஐடென்டிட்டி காட்டு?"

"அவன் பையிலதான் இருந்துச்சு. மறக்கல. அவன் எதையும் மறக்கல."

என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொட்டிக்குள்ள வச்சும் அந்த மனுசன ஏசி அனுப்புனேனேண்ணே."

ராயப்பா, அவளுக்கு நீதான் சொல்லேன்.

பிறகு கேட்டாள். "ஒன்றர மாசம். நீங்க எங்க இருந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துல."

தலையை ஆட்டினாள், பிள்ளைகளின் வரவைப் பதிகிறவள் மாதிரி. எழுந்து வாசல் வரை போனவள், திரும்பி நின்று சொன்னாள். "அத டொக்டருக்கே குடுத்துருவோம். இங்க கெடந்தா வளைஞ்சுரும்னாரு. அது வளைய வேணாம். ஆனா நீங்கதான் கொண்டு போகணும். பஸ்லதான் போகணும். கம்பளியில சுத்தக் கூடாது. அவரு எழுதச் சொன்னாருல்ல, எழுதுங்க. யாரு எழுதுனதுன்னும் எழுதுங்க. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க."

"சாவடி இருக்கு செலின்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். டொக்டர் கேட்டது கிட்டாரின் கதை, உனக்கு எழுதாமல் அது எனக்கு வரவில்லை. ஒரு பிரதி அவருக்கு. ஒரு பிரதியைப் பங்குப் பத்திரிகையில் போடச் சொல்லி ஃபாதரிடம் கேட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் இது வேண்டாமே அருளப்பா என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அவர் மூன்றாம் தடவை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

நேற்று செலினுக்கு இதை வாசித்துக் காட்டினேன். பெட்டியில் வைத்த காகிதத்தைப் பற்றிய இடத்தில் நிறுத்தினேன். "வாசிங்க" என்றாள். முடித்ததும், சுனிலுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று உன்னிடம் எழுத எனக்கு ஆசைதான். தெரியவில்லை. ஆனால் போகும்போது, நாளைக்குக் காலையில் என்ன சட்டை போடுகிறேன் என்று கேட்டாள்.

நாளைக் காலை முதல் பஸ். உன் கிட்டார் கட்டிலில் கிடக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளங்கை ஈரம், தாளெல்லாம் நனைகிறது. கண்ணாடி முன் நின்று, "மேக்க கிட்டார் எகக் மாத்தயா", இது கிட்டார் ஐயா என்று சிங்களத்தில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பத்துத் தடவையும் கிட்டார் என்ற இடத்தில் குரல் போய்விடுகிறது. பின்னால் திருப்பி நம்பரைப் பார்ப்பார்கள். என் பையைத் தடவுவார்கள், இந்தக் கடிதத்தை எடுப்பார்கள். தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். அவன் எந்தத் தமிழ் தெரிந்தவனோ, எனக்குத் தெரியாது. நீ அன்றைக்கு அந்த இடத்தில் நின்றபோது இப்படித்தான் இருந்ததா? நீ என்னிடம் பயந்தேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. பயந்தாயா, ராயப்பா?

நான் பயப்படுகிறேன். பயந்துகொண்டேதான் போகப் போகிறேன். யார் எழுதியது என்று கேட்டால் இந்தத் தடவை நான் யோசிக்க வேண்டியதில்லை, அடியில் இருக்கும். இது உனக்கு என் சத்தியம்.

இதையும், அதையும் எழுதியவன்,
உன் மச்சான்,
சூசை அருளப்பன்